பின்னறையில் அமெரிக்க ராத்திரி

“கதவ சாத்துடீ. எனக்கு இப்போ ராத்திரி.”

“காலைல மணி பத்துண்ணா. ரெண்டு வருஷமா எனக்கும் இதான் ராத்திரி. பேஜார் பண்ணாம எழுந்து வெளிய வா.”

அடுத்த வீட்டுக் கிருஷ்ணம்மாளின் மகன் குணசேகரும் மகள் வீணாவும்தான். பெங்களூர் நீலசந்திராவில் சுவரெல்லாம் மெலிசு, நான் ஒட்டுக்கேட்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியை நிறுத்தினேன், அவ்வளவுதான்.

குணசேகர் ஓசூர் ரோட்டில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். மெஷின் ஒன்றைப் பூட்டிக்கொடுக்க அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்தது பதினோரு நாள். திரும்பி இருபது நாளாகியும் ஜெட் லாக் தீரவில்லையாம், லீவு போட்டுவிட்டுப் படுத்திருந்தான். விமானத்தில் கொடுத்த கறுப்புக் கண்பட்டையை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பால் பூத்துக்குப் போவான். காபி கூடாது, வெந்நீர்தான் என்பான். பிள்ளை தூங்குகிறான், பகலில் குக்கர் வைக்காதீர்கள் என்று கிருஷ்ணம்மாள் வீடு வீடாக வந்து கேட்டுக்கொண்டாள். முகத்தில் அப்படி ஒரு பெருமை. அன்று நான் இரண்டு தடவை பருப்பு வேகவைத்தேன்.

வீணாவுக்குக் கால் சென்டரில் வேலை. ராத்திரி முழுக்க அமெரிக்காக்காரர்களுக்குப் போனில் பதில் சொல்லிவிட்டுக் காலை எட்டுக்கு வருவாள். ஜன்னலில்லாத பின்னறைதான் அவள் தூங்குமிடம். அதை அண்ணன் பிடித்துக்கொண்டதும் முன்னறையில், டிவிக்கும் வாசலுக்கும் நடுவே கிடந்தாள். முந்தின ராத்திரி, போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே கண்ணயர்ந்துவிட்டாள். இன்னொரு தடவை தூங்கினால் வேலை கிடையாது என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். அந்த மாதம் வீட்டில் அடுப்பெரிந்ததே அவள் சம்பளத்தில்.

இதையெல்லாம் அவள் அம்மாவிடம் எடுத்துச் சொன்னாள். கிருஷ்ணம்மாள் நிதானமாகப் பதில் சொன்னாள்.

“அவன் ஃப்ளைட்ல போய்ட்டு வந்த புள்ளடி. நீ வேன்ல போய்ட்டு வேன்ல வர. உனக்கென்ன அலுப்பு? கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ.”

வீணா பாய், தலையணை, நாலு சுடிதார் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு, கூட வேலை செய்யும் பெண்கள் ஈஜிபுராவில் எடுத்திருந்த அறைக்குப் போய்விட்டாள். பகலில் தூங்க முடிந்ததால் அவள் வேலை நிலைத்தது. மறுவாரமே குணசேகருக்கும் தூக்கம் தெளிந்து, காலை ஆறரைக் கம்பெனி பஸ்ஸைப் பிடித்தான். எந்த டாக்டரும் இவ்வளவு சீக்கிரம் குணப்படுத்தியிருக்க முடியாது.

அடுத்த தையில் வீணா, கூட அதே ஷிஃப்ட் பார்த்த ரங்காவைக் கட்டிக்கொண்டாள். குணசேகர் ஓசூரில் பெண்ணெடுத்து, மாமனார் வீட்டோடு போய்விட்டான். கிருஷ்ணம்மாள் வீட்டைக் காலி செய்துகொண்டு மகளோடு இருக்கப் போனாள். போகும்போது என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அந்தக் குக்கர் சத்தத்தை இன்னும் மறக்கவில்லை போலிருக்கிறது.