கையை எடுக்காமல்

வறுத்து ஒன்பது நாளாகியிருந்தது. முதல் வாரத்தில் கோப்பிக்கொட்டைக்குள் காற்று அடைந்திருக்கும். அப்போது அழுத்தினால் நுரைதான் வரும், சுவை வராது. அன்று பௌர்ணமிப் போயா விடுமுறை. பேராதனையில் நான் வேலை செய்யும் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்துக்கும் லீவு. கை அரைப்பானைத் தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் அரைத்துக்கொண்டிருந்தபோது அழகம்மா அத்தை வந்தாள்.

அத்தை அப்பாவின் தங்கை. கலஹாவில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், இருக்கிறாள். நான் அரைத்த கொட்டையும் அவள் லயத்துக்குப் பின்னால் தன்பாட்டில் வளர்ந்த மரத்தினுடையதுதான். போன தடவை ஒரு பை நிறையப் பறித்துத் தந்திருந்தாள். எதற்கு என்று கேட்கவில்லை. எப்படியும் குரங்கு தின்னப்போகிற பழத்தைத்தானே கேட்கிறேன் என்று நினைத்திருப்பாள்.

"என்னா வாசம் இது? யாரு செத்தா?" என்றாள், செருப்பைக் கழற்றும்போதே.

எங்கள் ஆட்களிடம் கோப்பி என்றால் காய்ச்சலுக்குக் கொத்தமல்லி போட்டுக் குடிப்பது, அல்லது இழவு வீட்டில் விடிய விடிய ஊற்றுவது. வீட்டுக்கு வந்தவர்களுக்குத் தேத்தண்ணிதான்.

"யாரும் சாகல அழகம்மா. வந்து உக்காரு," என்றாள் அம்மா. "ஒன் மருமகளுக்குத்தான் கிறுக்கு. ஜாக்கி வச்சிக் கோப்பி போடுறா."

அது ஜாக்கி இல்லை. இரும்புக் காலில் நிற்கும் ஒரு குழாய், மேலே நீளமான கைப்பிடி. கரண்ட் வேண்டாம். தூளை இறுக்கி, கொதிதண்ணீரை ஊற்றி, உடம்பின் பாரத்தைக் கைப்பிடியில் கொடுத்துக் கீழே இறக்கவேண்டும். அந்த அழுத்தத்தில்தான் எஸ்பிரஸோ என்கிற கெட்டிக் கோப்பி இறங்கும். முதல் சம்பளத்தில் கடுகண்ணாவையில் மக்கீன் நானாவின் பழைய சாமான் கடையில் வாங்கினேன். "தோடம்பழச் சாறு புழியிறதா இருக்கும் தங்கச்சி" என்றுதான் அவர் விற்றார். உள்ளே ரப்பர் வளையம் வெடித்திருந்தது. சரியான வளையம் தேடிப் போடுவதற்குள் ஒரு மழைக்காலம் போய்விட்டது.

கல்யாணமாகிக் கண்டிக்குப் போனபோது அதையும் கொண்டுபோனேன். ஒரு தடவை போட்டேன். "மருமக என்னா, லொறிக்கு டயர் மாத்துற மாதிரி நிக்கிறா?" என்றார் மாமியார். எல்லோரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். அதன்பிறகு அது துணி சுற்றி அலுமாரிக்கு மேலே கிடந்தது. கம்பளையில் அம்மா வீட்டுக்குத் திரும்பி வந்தபோது அதை மட்டும்தான் தூக்கிக்கொண்டு வந்தேன். ரயிலில் மடியில் வைத்திருந்தேன்.

ஏன் வந்திருக்கிறேன் என்று கேட்பவர்களுக்கு அம்மா ஒரு பதில் வைத்திருந்தாள். மாப்பிள்ளை கட்டாருக்குப் போயிருக்கிறார், விசா கிடைத்ததும் இவளையும் கூப்பிட்டுக்கொள்வார். அது பொய் என்று வீட்டில் அம்மா, அப்பா, நான் மூன்று பேருக்கும் தெரியும். நான் ஆமாம் என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை. ஆட்கள் முன்னால் எனக்குப் பேச வராது. பல்கலைக்கழகத்தில் வாய்மொழிப் பரீட்சையில் விடை தெரிந்தும் கையைப் பிசைந்துகொண்டு நின்றவள் நான். அம்மா அதை நம்பித்தான் இந்தப் பொய்யைக் கட்டியிருந்தாள்.

"அத்தைக்குத் தேத்தண்ணி ஊத்து சுந்தரி."

"இதக் குடுக்கிறேன்மா."

அம்மா முறைத்தாள். நான் கைப்பிடியை இறக்கினேன். கொஞ்சம் வேகமாகவே இறங்கியது. இன்னும் பொடியாக அரைத்திருக்கவேண்டும். ஆனாலும் மேலே செம்மண் நிறத்தில் ஏடு கட்டியிருந்தது. சின்னக் கோப்பையில் அத்தையிடம் கொடுத்தேன்.

"சாயம் நல்லா எறங்கியிருக்கே," என்றாள் அத்தை. மேசையிலிருந்த சுடுதண்ணிப் போத்தலைத் திறந்து, கோப்பை விளிம்பு வரை ஊற்றினாள். உள்ளங்கையில் சீனியைக் கொட்டிக்கொண்டாள். ஒரு நக்கு, ஒரு மிடறு. "கசக்குது. ஆனா நல்ல கசப்பு."

யாரும் அதைப் பற்றி அவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. எனக்கு ஒன்று போடலாமென்று அரைப்பானின் திருகை ஒரு பல் இறுக்கி, மறுபடி அரைக்கத் தொடங்கினேன்.

"அண்ணி, காளிமுத்துக்கு விசா வந்திருச்சு," என்றாள் அத்தை. காளிமுத்து அவள் மகன். "வெள்ளிக்கிழம பிளைட்டு. கட்டாருக்குத்தான்."

அம்மா கதிரையின் நுனிக்கு வந்தாள். "அப்பிடியா. நல்லது, நல்லது."

"ஏஜென்சிக்காரன் அந்த ஊரு ஏர்போட்டுக்கு ஆள் அனுப்புறேங்கிறான். அவன் மூஞ்சியப் பாத்தா எனக்கு நம்பிக்கையே வரல. அதான் ஓடியாந்தேன். நம்ம மாப்பிள்ள நம்பரக் குடுங்க. அவரு வந்து புள்ளைய ஒரு பார்வ பாத்துக்கிட்டா போதும்."

"நம்பரா? அவரு இப்ப வேற கம்பனில. அங்க சிக்னலு கெடைக்காது. ஒரே பாலைவனம்."

"வாட்ஸ்அப்புமா கெடைக்காது?"

"பாலைவனம்ங்கிறேன்ல." அம்மா சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தாள். "நீ ஏன் கவலப்படுற? அவரு கூப்புடுறப்ப நானே சொல்லிடுறேன். நேரா ஏர்போட்டுக்கே வந்து நிப்பாரு."

"அப்ப ஏஜென்சிக்காரன்கிட்ட ஆள் வேணாம்னு சொல்லிடவா?"

"சொல்லிடு."

நான் தூளை இறுக்கி, தண்ணீரை ஊற்றியிருந்தேன். காளிமுத்துவை நினைத்தேன். கண்டி பஸ் ஸ்டாண்டிலேயே தனியாக நிற்கப் பயப்படுகிறவன். எந்த வாசலில் போய் நிற்பான், யாரைத் தேடுவான்?

கைப்பிடியில் பாரத்தைக் கொடுத்தேன். இந்தத் தடவை அது எதிர்த்தது. தோளிலிருந்து இறக்க வேண்டியிருந்தது. முதல் சொட்டு விழுந்தது. இங்கே கையை எடுக்கக்கூடாது. எடுத்தால் அழுத்தம் போய்விடும், கோப்பியும் போய்விடும்.

"அத்தே," என்றேன்.

அம்மா திரும்பிப் பார்த்தாள். பேசாமல் உன் வேலையைப் பார் என்பதற்கு அவளிடம் ஒரு பார்வை உண்டு.

"ஏஜென்சி ஆள வேணாம்னு சொல்லாதீங்க."

"ஏன் புள்ள?"

"ஏய், கீழ ஊத்துது பாரு," என்றாள் அம்மா. ஊற்றவில்லை. எலிவால் போல மெல்லிசாக, கோப்பையின் நடுவில், ஒரே சீராக இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே பேசினேன். அத்தையின் முகத்தைப் பார்த்திருந்தால் நின்றிருப்பேன்.

"அவரு கட்டார்ல இல்ல. ஏர்போட்டுக்கு யாரும் வரமாட்டாங்க. அவரு கண்டியில அவங்க வீட்டுலதான் இருக்காரு."

அம்மா எழுந்துவிட்டாள். எங்கே போவதென்று தெரியாமல் சுடுதண்ணிப் போத்தலை எடுத்து மூடினாள். அத்தையின் உள்ளங்கையில் மிச்சச் சீனி அப்படியே இருந்தது. அவள் குரல் இறங்கியது, இழவு வீட்டில் இறங்குவதைப் போல.

"ஐயோ தங்கம். வீட்ட விட்டு அனுப்பிட்டாங்களா?"

அந்தக் குரல்தான் எனக்கு வேண்டாம். கோப்பி இறங்கும் நூல் கொஞ்சம் வளைந்தது, அறவில்லை. இன்னும் அரை விரல்கடை இருந்தது. அழுத்தினேன். கைப்பிடி அடியில் போய் நின்றது.

"இல்லத்தே," என்றேன். "யாரும் அனுப்பல. நான்தான் அவர வேணாம்னு விட்டுட்டு வந்தேன்."