சேர்மன் கையெழுத்திட்ட படக்குறிப்பு

ஆண்டு விழாவில் மண்டை உடையும் என்று எக்செல் தாளின் எந்த வரியிலும் எழுதியிருக்கவில்லை. எழுதியிருக்கவும் முடியாது. லாரி கம்பெனியின் செயலாளர் அந்தத் தாளை விழாவுக்கு மூன்று நாள் முன்பே தயாரித்துவிட்டார். முந்நூற்றுப் பன்னிரண்டு வரிகள். ஒவ்வொன்றிலும் படத்தின் எண், நேரம், படக்குறிப்பு. கேமராக்காரர் அந்த வரிசைப்படி வரிக்கொரு படம் எடுக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சேர்மனின் கையெழுத்து. கையெழுத்தானது எதுவோ அதுதான் நடந்தது என்பது அந்தக் கம்பெனியில் முப்பது வருட வழக்கம்.

அந்த வரிகளைப் படக்கோப்புகளுக்குள் ஏற்றுவது லேபிள் அக்காவின் வேலை. தாளை மென்பொருளிடம் காட்டிவிட்டால் போதும். முதல் வரியை முதல் படத்துக்குள்ளும் இரண்டாம் வரியை இரண்டாம் படத்துக்குள்ளும் அது பாட்டுக்கு எழுதிக்கொண்டே போகும். பிறகு படம் எங்கே போனாலும் குறிப்பும் கூடவே ஒட்டிக்கொண்டு போகும். மெட்டாடேட்டா என்பார்கள். டிரைவர்கள் வாயில் அது லேபிள். அவள் லேபிள் அக்கா.

விழாவுக்கு மறுநாள் காலை நூற்று நாற்பத்தேழாம் படத்தைத் திறந்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

படத்தில் அவளுடைய சொந்தத் தம்பி இருந்தான். பிரேக் பிடிக்காத லாரியைச் சரிவில் இறக்கி, யார் மேலும் ஏற்றாமல் ஒரு சுவரில் முட்டி நிறுத்தியவன். அதற்காகச் சிறந்த ஓட்டுநர் கேடயம். கொடுக்கிற நேரத்தில் மைக்கைப் பிடித்து, "கேடயம் வேணாங்க ஐயா, பிரேக்கை மாத்திக் குடுங்க" என்றிருக்கிறான். கூட்டம் சிரித்திருக்கிறது. சேர்மனைப் பார்த்து அதுவரை யாரும் சிரித்ததில்லை. அவர் கேடயத்தை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கியிருக்கிறார்.

படத்தில் அதன் பித்தளை முனை தம்பியின் நெற்றிக்குள் இறங்கியிருந்தது. தெறித்த ரத்தம் கீழே விழாமல் காற்றில் நின்றது. கேமராக்காரர் கைதேர்ந்த ஆள்தான்.

அந்த வரியின் குறிப்பு இது: 'காலை 11.40. சேர்மன் அவர்கள் தம் பொற்கரங்களால் சிறந்த ஓட்டுநருக்குக் கேடயம் வழங்குகிறார்.'

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்தடுத்த படங்களைத் திறந்தாள். 'தோளோடு அணைத்துப் பாராட்டுகிறார்கள்' என்ற வரிக்கு, காவலாளி ஒருவன் தம்பியின் கழுத்தை முழங்கைக்குள் இறுக்கியிருக்க, இன்னொருவன் வயிற்றில் பூட்ஸ் காலால் உதைத்துக்கொண்டிருந்தான். 'ஓட்டுநர்கள் ஆரவாரத்துடன் மேடையேறுகிறார்கள்' என்பதில் பொய்யில்லை; ஆளுக்கொரு உடைந்த நாற்காலிக் கால் வைத்திருந்தார்கள். 'விருந்தினர்களை அன்புடன் வழியனுப்புதல்' என்ற இடத்தில் ஒரு கிளீனரைக் காலைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப் போனார்கள். அவனுடைய இரண்டு பற்கள் கம்பளத்தில் தனியாகக் கிடந்தன. நூற்று எண்பத்தாறு வரை, நாற்பது படங்கள் இப்படி.

தம்பி இப்போது ஆஸ்பத்திரியில். பதினான்கு தையல். ஒரு கண் திறக்கவில்லை. ஒரு கை கட்டிலோடு விலங்கிடப்பட்டிருந்தது. ஏனென்றால் போலீசில் செயலாளர் எழுதிக் கொடுத்த கதையே வேறு: சேர்மன் பதினொன்றரைக்கே புறப்பட்டுவிட்டார், குடித்திருந்த டிரைவர் படியில் உருண்டு மண்டையை உடைத்துக்கொண்டு, எழுந்துவந்து காவலாளியை அடித்தான். இன்ஸ்பெக்டர் நாலு மணிக்கு வந்து படங்களைப் பார்ப்பார். படங்களில் ஒன்றும் இல்லையென்றால் தம்பி கட்டிலிலிருந்து நேராக ஜெயிலுக்கு.

பதினோரு மணிக்குச் செயலாளர் வந்தார். முகவுரை இல்லாமல் தண்ணீர்கூடக் கேட்கமாட்டார் என்பதால் அவருக்கு 'முன்னுரை' என்று பெயர்.

"ஏம்மா, கம்பெனியின் நீண்ட நெடிய வரலாற்றில், இக்கட்டான இந்தத் தருணத்தில்..."

"சொல்லுங்க சார்."

"அந்த நாற்பது படத்தையும் அழிச்சிடு."

"அது என் தம்பி தலை சார்."

"அழிம்மா."

"முடியாது."

முன்னுரைக்கு அன்று முடிவுரைக்குப் பொறுமையில்லை. மடிக்கணினியின் மூடியைப் பிடித்து அவள் வலக்கை விரல்கள் மேல் படாரென்று அறைந்தார். அப்படியே தம் முழு எடையையும் மேலே வைத்து அழுத்தினார். நடுவிரல் நகம் பிளந்தது. அவள் அலறியது பக்கத்து அறைக்குக் கேட்டது; கேட்டவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

"இன்னொரு கையும் இருக்கு பாத்துக்கோ" என்றார் அவர், மூச்சு வாங்கிக்கொண்டே.

அவள் புடவைத் தலைப்பில் விரலைச் சுற்றினாள். துணி சிவப்பதைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"அழிச்சிடறேன் சார். ஆனா பட்டியல்ல முந்நூத்திப் பன்னிரண்டு வரி இருக்கு. நாற்பது வரிக்குப் படம் இருக்காது. சேர்மன் ஐயா கையெழுத்துப் போட்ட பக்கத்துல ஓட்டை ஓட்டையா நிக்கும். பரவாயில்லீங்களா?"

முன்னுரைக்கு முகம் வெளுத்தது. ஒருத்தியின் விரலை நசுக்கும்போது வராத பயம் அது. சேர்மன் முப்பது வருடத்தில் ஒரு படத்தையும் பார்த்ததில்லை. கீழே எழுதியிருப்பதைத்தான் பார்ப்பார், அதிலும் தம்முடைய பட்டங்கள் முழுதாக இருக்கின்றனவா என்று. ஒருமுறை ஒரு வரி விட்டுப்போனதற்கு முன்னிருந்த செயலாளரின் காதில் அறைந்ததில் அந்தக் காது இன்றுவரை கேட்பதில்லை.

"அழிக்காதே" என்றார். "குறிப்பை ஏத்து. படத்தை எவன் பாக்கறான்? எழுதினதைத்தான் படிப்பான்."

"எழுதினது யாரு, ஒப்புதல் தந்தது யாருன்னு போட ரெண்டு இடம் காலியா இருக்கு சார். யார் பேரைப் போட?"

முன்னுரையின் முகத்தில் ஒளி வந்தது. தம் பெயரைப் படிப்போடு, பதவியோடு நிறுத்தி நிதானமாகச் சொன்னார். சேர்மனின் பட்டங்களைச் சொல்லி முடிக்க இன்னும் நேரம் பிடித்தது. அவள் இடது கையால் தட்டினாள். வலக்கையில் சுற்றிய துணியிலிருந்து விசைகளுக்கு இடையில் ரத்தம் இறங்கியது. நாற்பது விநாடியில் முந்நூற்றுப் பன்னிரண்டு கோப்புகளும் முடிந்தன.

நாலு மணிக்குச் சேர்மன் அறையில் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்தார். கூட ஒரு காவலர். எதிரே சேர்மன், பக்கத்து நாற்காலியில் முன்னுரை. கேடயத்தைக் கழுவித் துடைத்து மறுபடி கண்ணாடி அலமாரியில் வைத்திருந்தார்கள். படம் எடுத்த கேமரா மேஜைமேல் இருந்தது. லேபிள் அக்கா நூற்று நாற்பத்தேழாம் படத்தைத் திறந்தாள். இன்ஸ்பெக்டர் வெகுநேரம் பார்த்தார். பிறகு கீழே இருந்ததைச் சத்தமாகப் படித்தார். ஒப்புதல் தந்தவர் பெயருக்கு வந்ததும் சேர்மன் கையை உயர்த்தினார்.

"நிறுத்துங்க. 'போக்குவரத்துச் சிங்கம்' விட்டுப்போச்சு."

"மத்ததெல்லாம் சரிங்களா?"

"நான் வரி வரியா படிச்சுக் கையெழுத்துப் போட்டது. தப்பே இருக்காது."

"பதினொன்று நாற்பது? உங்க கையாலதான் கேடயம்?"

"பின்னே எவன் கை? எல்லாமே நான்தான்."

'பதினொன்றரைக்கே புறப்பட்டுவிட்டார்' என்று எழுதிக் கொடுத்திருந்த முன்னுரையின் வாய் திறந்தது. முன்னுரைகூட வரவில்லை.

"அப்ப அந்தப் படத்தையும் ஒரு தடவை பாத்துடுங்க" என்று இன்ஸ்பெக்டர் திரையைத் திருப்பினார்.

வாழ்க்கையில் முதல்முறையாகச் சேர்மன் ஒரு படத்தைப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது. யாரும் அசைவதற்குள் அலமாரியைத் திறந்து கேடயத்தை எடுத்துச் செயலாளரின் தலையில் ஓங்கிப் போட்டார். முந்தின நாள் இறங்கிய அதே முனை. முன்னுரை நாற்காலியோடு சாய்ந்தார். இரண்டாவது அடி வாயில் விழுந்தது. மூன்றாவது அடிக்குத் தூக்கும்போது காவலர் சேர்மனின் பிடரியைப் பிடித்து முகத்தை மேஜைக் கண்ணாடியில் மோதினார். கண்ணாடி விரிந்தது. போக்குவரத்துச் சிங்கத்தின் மூக்கிலிருந்து ரத்தம் கையெழுத்துப் பக்கங்கள் மேல் கொட்டியது.

இன்ஸ்பெக்டர் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். "அந்த டிரைவர் கை விலங்கைக் கழட்டு. ஆமா, இப்பவே. இங்க வேற கைக்கு வேணும்." பிறகு அக்காவைப் பார்த்தார். "ஏம்மா, இதை ஒரு படம் எடுப்பியா?"

அவள் கேமராவை எடுத்து, நசுங்காத கையால் அழுத்தினாள். தரையில் செயலாளர், மேஜையில் சேர்மன், நடுவில் கேடயம். படம் முந்நூற்றுப் பதிமூன்று.

பட்டியலின் அடியில் புதிதாக ஒரு வரி சேர்த்து, ஒற்றைக் கையால் எழுதினாள்: 'மாலை 4.25. சேர்மன் செயலாளரை அடித்தார்.'

தரையிலிருந்து முன்னுரை உடைந்த வாயால் ஏதோ முனகினார். அவள் குனிந்து கேட்டாள்.

"சேர்மன் அவர்கள்னு போடும்மா" என்றார்.

அவள் போடவில்லை.