அண்ணன் வீட்டுக் குளத்துக்கு உப்பு

என் அண்ணன் தாண்டவராயனுக்கு நீச்சல் தெரியாது. ஏரி தளும்பிக் கிடந்த காலத்திலேயே கரையில் உட்கார்ந்து மற்றவர்கள் துணிக்குக் காவல் இருந்தவர். அந்த மனுஷன்தான் தொண்ணூற்றொன்றாம் வருஷம் வீட்டுக்குப் பின்னால் நீச்சல்குளம் வெட்டினார். எல்லாம் ரேடியோ செய்த வேலை. டெல்லியில் நாட்டுக் கதவைத் திறந்துவிட்டார்கள், இனி வெளிநாட்டுக் கம்பெனிகள் வரிசை கட்டி வரும் என்று அதில் சொன்னார்களாம். அந்த வரிசை நேராக ஒரகடத்துக்கு வந்து எங்கள் தெருவில்தான் திரும்பும் என்று அண்ணன் முடிவு கட்டிவிட்டார்.

"வர்ற வெள்ளக்காரன் எங்க தங்குவான் செங்கமலம்? சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன்ல துண்ட விரிச்சிப் படுப்பானா? நம்ம வூட்டத்தான் வாடகைக்குக் கேப்பான். குளம் இருந்துச்சின்னா ரெண்டாவது பேச்சே கெடையாது" என்றார்.

அவர் பணம், அவர் பள்ளம். எனக்கென்ன வந்தது என்று இருந்திருப்பேன். ஆனால் அவர் தோட்டத்துக்குக் கீழ்ப்பக்கம் சரிவில் இருப்பது என் நிலம், எங்கப்பா எனக்குச் சீராகக் கொடுத்தது. அதில் ஒரு கிணறு. சுற்றுவட்டாரத்தில் அப்படி ஒரு நல்ல தண்ணீர் கிடையாது. என் வீட்டுக்காரர் லாரியில் மாசத்துக்கு இருபது நாள் ஊர் சுற்றுகிறவர். கத்திரியும் கீரையும் போட்டு வாலாஜாபாத்துக்கு அனுப்பி வீட்டை ஓட்டுவது நான். சரியாகச் சொன்னால் அந்தக் கிணறு.

குளத்தைக் கட்டியவர் கொத்தனார் எல்லப்பன். அதற்குமுன் அவர் கட்டியதிலேயே பெரிய தண்ணீர்த் தொட்டி, மாடு குடிப்பதற்கு. உள்ளே நீலமாக இருக்க வேண்டும் என்று அண்ணன் சொன்னதும், வீட்டுச் சுவருக்கு அடிக்கிற மாதிரியே சுண்ணாம்பில் நீலம் கலந்து நாலு கை அடித்துவிட்டார். தண்ணீரை வெளியேற்ற அடியில் ஒரு குழாயும் வால்வும். தண்ணீர் பள்ளத்தைப் பார்த்துத்தானே போகும்? குழாயின் வாய் என் வாய்க்காலைப் பார்த்து இருந்தது.

குளம் நிரம்பியது. நிரப்பி முடிப்பதற்குள் அண்ணன் வீட்டு போர்வெல் இருமி இருமி மணலைக் கக்கியது. அடுத்த வாரமே தண்ணீரில் பாசி பிடித்தது. எப்படிச் சுத்தமாக வைப்பது என்று பெரிய யோசனை நடந்தது.

"நாலு கெண்ட மீனு வுடுங்க, அழுக்கத் துன்னுடும்" என்றார் எல்லப்பன்.

"வெள்ளக்காரன் காலக் கடிச்சா?" என்றார் அண்ணன்.

பிளீச்சிங் பவுடர் என்று நான் வாயைத் திறந்தேன். அண்ணி ரத்தினம் பிடித்துக்கொண்டாள். "காலரா வந்த ஊர்ல கொட்டுறத நம்ம வூட்ல கொட்டுவாங்களா? சொந்தக்காரங்க மூக்கப் பொத்திக்கினு போவாங்க."

அப்போதுதான் மெட்ராசிலிருந்து வசந்தகுமார் என்ற பையன் வந்தான். ஆவணி வெயிலில் கழுத்தில் டை. கையில் ஆஸ்திரேலியாப் பெட்டி. குளத்துத் தண்ணீரில் கொஞ்சம் உப்பைக் கரைத்துவிட வேண்டுமாம். இந்தப் பெட்டி அதற்குள் கரண்டை விட்டு, உப்பிலிருந்தே குளோரினை எடுத்துக்கொள்ளுமாம். பவுடர் வேண்டாம், வாடை கிடையாது, கண் எரியாது. சின்னது ஒன்று, பெரியது ஒன்று என்று இரண்டு பெட்டிகளைக் காட்டினான். எங்கள் குளத்துக்குச் சின்னதே போதும் என்று அவனே சொன்னான். அண்ணன் விடுவாரா? மாட்டுச் சந்தைக்குப் போன மாதிரி இரண்டையும் தட்டிப் பார்த்தார், தூக்கிப் பார்த்தார், வயிற்றைத் தடவிப் பார்த்தார். கனமானதைத் தேர்ந்தெடுத்தார்.

"ரொம்ப உப்பு இல்ல சார். கண்ணீர்ல இருக்கிற அளவுகூட வராது" என்றான் வசந்தகுமார்.

"யாரோட கண்ணீரு தம்பி?" என்று கேட்டேன். "அந்தத் தண்ணிய வெளிய வுட்டா எங்க போவும்?"

"ஏம்மா வெளிய விடணும்? வருஷக்கணக்கா மாத்தவே வேணாம்."

"கொட்டாத தண்ணி ஒலகத்துல எங்க கீது? என் கெணத்துல உப்பு எறங்கிடுச்சின்னா கத்திரிச் செடி கருகிப்பூடும். அப்புறம் நான் இன்னா பண்றது?"

பையன் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் பெட்டியைப் பார்த்தார். "அதெல்லாம் பாத்துக்கலாம் வா" என்றார். எங்கள் வீட்டில் எதையும் பார்க்கப் போவதில்லை என்பதற்கு அதுதான் வார்த்தை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நல்ல நாள் பார்த்தார்கள். கிரகப்பிரவேசம் மாதிரி இது குளப்பிரவேசம் என்று ஊரைக் கூட்டினார் அண்ணன். புது வீட்டுக்கு முதலில் போக வேண்டியது உப்பும் மஞ்சளும். கொண்டு போக வேண்டியவள் நாத்தனார். எந்த உப்பு வேண்டாம் என்று தொண்டை வற்றக் கத்தினேனோ, அதை முதல் ஆளாக நானே போட வேண்டுமாம்! முறையை விட்டால் ஊர் பேசும். ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டுவிட்டு ஒதுங்கினேன்.

மற்றவர்கள் ஒதுங்கவில்லை. தாண்டவராயன் வீட்டுக் குளம் உப்புதான் சாப்பிடுமாம் என்ற சேதி சுங்குவார்சத்திரம் வரைக்கும் போயிருந்தது. பங்காளி, சம்பந்தி, அவர்களுடைய சம்பந்தி என்று வந்தவர்களெல்லாம் கல்லுப்போடு வந்தார்கள். தாம்பாளத்தில் வந்தது, கோணியில் வந்தது, ஒருவர் மாட்டு வண்டியில் கொண்டு வந்தார். வெறும் உப்பு தனியாக வரலாமா? கூடவே மஞ்சள் தூள், பொட்டலம் பொட்டலமாக. அண்ணி தன் பங்குக்கு ஒரு சாக்கு மஞ்சளை அவிழ்த்துக் கொட்டினாள்.

"போதும் சார்! மெஷின் தாங்காது சார்!" என்று வசந்தகுமார் குளத்தைச் சுற்றி ஓடினான்.

"சீர் கொண்ணாந்தவங்கள வேணாம்னு எப்பிடிப்பா சொல்றது? பெரிய பெட்டிதானே, துன்னும்" என்றார் அண்ணன்.

ஸ்விட்சைப் போட்டார்கள். பெட்டி ஒரு தடவை உறுமிவிட்டு அணைந்துபோனது. அதை யாரும் கவனிக்கவில்லை. எல்லோரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் சுண்ணாம்பைத் தொட்ட இடத்தில் மஞ்சள் சிவக்க ஆரம்பித்தது. சிவப்பு மெதுவாக நடுவுக்குப் பரவியது. கொஞ்ச நேரத்தில் குளம் முழுக்க ஆரத்தி.

மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் ஆரத்தி என்பது எங்கள் பக்கம் பாவாடை கட்டிய குழந்தைக்கும் தெரியும். அத்தனை பெண்கள் நின்றோம், ஒருத்திக்கும் முன்னாடி தோன்றவில்லை. எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. அண்ணி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஆசிட் விட்டா திரும்பவும் மஞ்சளாயிடும் சார்" என்றான் வசந்தகுமார்.

"ஆரத்தித் தண்ணிய வூட்ல வச்சிக்கக் கூடாது. வந்தவங்க கண்ணு மொத்தமும் அதுல எறங்கி கீது. பொழுது சாயறதுக்குள்ள கொட்டிடணும்" என்றாள் அண்ணி. கூட்டம் மொத்தமும் தலையாட்டியது. எல்லப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வால்வைத் திறக்கப் போனார்.

என் சிரிப்பு அப்படியே நின்றது. ஓடிப் போய் வால்வின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"இத்த தெறந்தா என் கெணறு போச்சி. என்ன இழுத்துப் போட்டுட்டுத் தெறங்க."

"ஒரு மழ பேஞ்சா சரியாப்பூடும்மா" என்று ஒரு சம்பந்தி சமாதானம் சொன்னார். உப்பை வண்டியில் கொண்டு வந்தவர்தான் அவர்.

அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், வீட்டுக்காரர் எந்த ஊர் ரோட்டில் இருக்கிறாரோ தெரியாது. இந்தக் கூட்டத்தில் எனக்கென்று ஓர் ஆள் இல்லை என்று அப்போது நினைத்தேன். அழுகையை அடக்கிக்கொண்டு அண்ணனைப் பார்த்தேன். அவர் என்னையும் குளத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எல்லப்பா, ஆயில் இன்ஜின எடுத்தா. மேல எறச்சி நம்ம தோட்டத்துல வுடு" என்றார்.

"நம்ம போர்வெல்லு அங்கதானே கீது!" என்று அலறினாள் அண்ணி. இன்ஜின் இருட்டும்வரை ஓடியது. வசந்தகுமார் டையைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு கடைசி பஸ்ஸைப் பிடித்தான்.

அடுத்த மாதத்துக்குள் அண்ணன் வீட்டு மாமரங்கள் இலை கருகின. போர்வெல் தண்ணீர் கரித்தது. அடுப்பில் வைத்த பால் திரிந்தது. ஐப்பசியில் நிஜமாகவே ஒரு வெள்ளைக்காரர் காரில் வந்து இறங்கினார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார், காலிக் குளத்தை எட்டிப் பார்த்தார், குடிக்கத் தண்ணீர் கேட்டார். அண்ணி கொடுத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு, கடல் இங்கிருந்து எத்தனை மைல் என்று கூட வந்தவரிடம் விசாரித்தாராம். பிறகு மெட்ராசிலேயே வீடு பார்த்துக்கொண்டார்.

அதற்கு மறுநாள் காலை அண்ணன் என் கிணற்றடிக்கு வந்தார். கையில் பிளாஸ்டிக் குடம்.

உப்பைத் தின்றவன் தண்ணி குடிச்சே ஆகணும் என்ற பழமொழி என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பாழாய்ப்போன வாய், எத்தனையோ இடத்தில் நிற்காதது, அன்றைக்கு நின்றது. ஒரு வாளி சேந்தினேன்.

அண்ணன் குடத்தை நீட்டவில்லை. கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் ஏந்தினார். ஊற்றினேன். ஒரு வாய் தண்ணீரை உடனே விழுங்காமல், கண்ணை மூடி, நாக்கில் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். எனக்குப் புரியவில்லை. பிறகு விழுங்கிவிட்டு, ரொம்ப நாளாகப் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டார்.

"உப்பு எறங்கல செங்கமலம். உன் கெணறு நல்லாத்தான் கீது" என்றார். அப்புறம்தான் குடத்தை எடுத்து நீட்டினார்.