முக்கியத்துவம்: குறைவு

இணையக் கலைக்களஞ்சியத்தில் சதுரங்க எழுத்தாளர்களின் வாழ்க்கைக் குறிப்புகளை வகைபிரித்து மதிப்பிடுவது, நான் சம்பளமில்லாமல் பார்க்கும் உத்தியோகம். கட்டுரைக்கு ஒரு தரம், ஆளுக்கு ஒரு முக்கியத்துவம்: உயர்வு, நடுத்தரம், குறைவு. அங்கே எனக்குப் புனைபெயர்தான்.

"இன்னிக்கு யார் தலையில கை வெச்சீங்க?" என்பாள் மனைவி.

ஒருவர் விஷயத்தில் மட்டும் மனசாட்சியைக் கழற்றி வைத்திருந்தேன். வாரப் பத்திரிகையில் முப்பது வருடம் சதுரங்கப் பகுதி எழுதியவர். எனக்குப் பதினான்கு வயதில், அவர் போட்ட புதிரில் இரண்டு நகர்வில் செக்மேட் வராது என்று கடிதம் எழுதினேன். அடுத்த இதழில் என் பெயர்! பெயரைப் பார்த்த மாத்திரத்தில், மேற்கொண்டு படிக்காமல் வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பக்கத்து பெஞ்சுக்காரன் உரக்க வாசித்தான்: 'இந்த வாசகர் முதலில் குதிரை எப்படி நகரும் என்று கற்றுக்கொள்ளட்டும்.' பள்ளி முடியும்வரை என் பெயர் குதிரை. அந்தப் பத்திரிகையை அப்புறம் நான் தொடவில்லை.

ஆகவே, 'குறைவு'. அவருடைய மகள் மூன்று முறை சான்றுகள் சேர்த்து மறுமதிப்பீடு கேட்டார். மூன்று முறையும் 'சான்றுகள் போதாது' என்று எழுதினேன். ஒன்றைக்கூடத் திறந்து பார்க்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நான்காவது முறையாகக் கேட்டிருந்தார். பழைய இதழ்களின் பக்கங்களைப் படமெடுத்து ஏற்றியிருந்தார். 'அப்பா தினமும் காலையில் இந்தப் பக்கத்தைத் திறக்கச் சொல்கிறார். பார்த்துவிட்டு, மதிப்பிடுகிறவர் சொல்வது நியாயம்தான், அவரைத் தொந்தரவு செய்யாதே என்கிறார். மனசு கேட்காமல் எழுதுகிறேன்.'

மனைவி என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். "பாவம்ங்க. ஒரு தடவை திறந்துதான் பாருங்களேன்."

வேண்டாவெறுப்பாகத் திறந்தேன். குதிரை இதழுக்கு அடுத்த வார இதழ்.

'சென்ற வாரம் ஒரு வாசகரைக் கேலி செய்தேன். புதிரை மறுபடி அடுக்கிப் பார்த்தேன். அவர் சொன்னதே சரி. தவறு என்னுடையது. அவர் என்னை மன்னிக்க வேண்டும்.' அதன் கீழே என் பெயர், இனிஷியலோடு.

"என்னங்க, முகமே செத்துப்போச்சு?"

"இவர் என்கிட்ட மன்னிப்புக் கேட்டிருக்கார்."

"எப்போ?"

"இருபத்தாறு வருஷம் முன்னாடி."

அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அப்ப, நீங்க எப்போ கேக்கப் போறீங்க?" என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போனாள்.

'உயர்வு' என்று மாற்றினேன். காரணம் எழுதச் சொல்லி ஒரு கட்டம் வந்தது. 'அந்த வாசகர் நான்தான்' என்று தட்டினேன். அழித்தேன். மறுபடி தட்டி, மறுபடி அழித்தேன். ஆயிரக்கணக்கானோர் படிக்கும் பத்திரிகையில் அவர் செய்ததை, எவரும் எட்டிப் பார்க்காத ஒரு கட்டத்தில் என்னால் செய்ய முடியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. 'சான்றுகள் போதுமானவை' என்று எழுதிச் சேமித்தேன்.

"கேட்டாச்சா?" என்று மாடியிலிருந்து குரல் வந்தது.

"ம்" என்றேன்.

ஐந்து நிமிடத்தில் மகளின் பதில் வந்துவிட்டது. 'அப்பா உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார். நான்கு முறையும் பொறுமையாகப் படித்துப் பார்த்திருக்கிறீர்கள்.'