வெறுங்கதிரைப் பயம்

குருநகர் மக்டலீன் போன பங்குனியில் பதினேழு நாள் தன் வீட்டுத் தரையை மிதிக்காமல், கூரைத் தீராந்தியோடு ஒட்டிக்கொண்டே சீவித்தா. ஒன்பது முழ அகப்பையால் மேலிருந்தபடியே சொதி காய்ச்சினா, ஒருநாளும் அடிப்பிடிக்கவில்லை. எல்லாம் ஒரு கதிரையால் வந்தது. மகன் றொகான் பிரான்சுக்குப் போன அன்று, அவன் சாப்பிட இருக்கும் கதிரை வெறுமையாய்க் கிடந்ததைக் கண்டு பயந்து மேலே போனவதான். யாராவது அதில் இருந்தால்தான் இறங்கலாம்.

பயத்தில் மேலெழும்புவது அந்த ஒழுங்கையில் புதினமில்லை. பாம்பு என்று ஒரு குரல் கேட்டால் நாற்பது வீட்டுச் சனமும் ஒரு சாண் எழும்பும். ஆளையாள் பிடித்துச் சிரித்து, ஒன்றாய் இறங்கும். இத்தனைக்கும் அங்கே பாம்பு கடித்தவர் ஒருவருமில்லை. மூன்று பேரின் காலை முறித்த மோட்டச்சைக்கிளுக்கோ ஒருவரும் அரை அங்குலம்கூட அசைவதில்லை.

"பாம்புப் பயம் ஆதிமனிசன்ரை காலத்திலையிருந்து இரத்தத்திலை ஊறினது, நானும் எழும்பிறனான்," என்றார் முன்வீட்டு ஞானரட்ணம், இளைப்பாறிய விஞ்ஞான மாஸ்ரர். "மோட்டச்சைக்கிள் நேற்று வந்தது. கதிரைக்கு ஆர் பயப்பிடுறது? ஏணி வைச்சு ஏறியிருப்பா."

"கதிரை! கதிரை!" என்று கத்தி மக்டலீனுக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். ஒரு குஞ்சும் வரவில்லை. கதிரையை எறியச் சொல்லி மாஸ்ரர் படலையில் நின்று புத்தி சொன்னார்.

"எறிஞ்சால் அவன் வந்து எதிலை இருப்பான், மாஸ்ரர்?"

பதினேழாம் நாள் அவ "பாம்பு!" என்று கத்தினா. ஒழுங்கையே பொல்லுகளோடு வந்து, பாம்பைக் காணாமல் திட்டிக்கொண்டு போனது. மூச்சுவாங்கிய மாஸ்ரர் மட்டும் அந்தக் கதிரையில் இருந்தார். மக்டலீன் பொத்தென்று விழுந்தா.

"ஏணியை எங்கை ஒளிச்சனீர்?"

அந்த ஏணியைக் கண்டுபிடிக்கவென்று அவர் நாள்தோறும் மத்தியானம் வந்து, அதே கதிரையில் இருந்து, விளைமீன் குழம்போடு சோறு தின்றார். ஐந்து மாதம் தேடினார். நாளையும் வருவார் என்பதால் மற்ற நேரமும் மக்டலீனின் கால் தரையில் நின்றது.

ஆவணியில் அவருடைய ஒரே மகள் ஜெயனி கனடாவுக்குப் பறந்தா. மறுநாள் மத்தியானம் மாஸ்ரர் வரவில்லை. வெறுங்கதிரையைக் கண்டு திரும்பவும் மேலே போன மக்டலீன், தீராந்தியைப் பிடித்துப் பிடித்து வாசல்வரை போய், அவருக்கு என்னவோ என்ற யோசனையில் கதிரையை மறந்து முற்றத்தில் விழுந்தெழும்பி, முன்வீட்டுக்கு ஓடினா. மேசையடியில் அவருடைய கண்ணாடி கிடந்தது. மாஸ்ரர் முகட்டில் முதுகு முட்ட மிதந்தார்.

"ஏணி எங்கை, மாஸ்ரர்?"

அவ ஜெயனியின் கதிரையை இழுத்து அதில் இருந்தா. மாஸ்ரர் மெல்ல மெல்ல இறங்கி, தரையில் கால் பட்ட பிறகும் மேசை விளிம்பை விடவில்லை.

"ஏணி இல்லை, மக்டலீன். நீர் சொன்னது முழுக்க உண்மை," என்றார். "எழும்பிப் போயிடாதையும்."