உதடு கிழிந்த கெராப்பு

என் வீட்டுக்காரர் விமலனுக்கு மீன் வளர்ப்பது தொழில், சந்தேகப்படுவது பொழுதுபோக்கு. இந்த முறை அவர் விரல் நீண்டது என் தம்பி குரு பக்கம்.

பந்திங்கில் இருக்கும் எங்கள் பண்ணையில் சினைக்கென்று வைத்திருந்த பெரிய கெராப்பு, அதாவது களவா மீன், ஒன்றே ஒன்றுதான். மற்றதெல்லாம் சிறுசு. அதற்கு இடப்பக்க உதடு கிழிந்திருக்கும். போன வருடம், சினை முற்றியதா என்று பார்க்க மெல்லிய குழாயை உள்ளே விட்டு முட்டை எடுத்ததில், இன்னொரு தாய்மீன் புண்பட்டுச் செத்துப்போனது. அதனால் இந்த வருடம் ஸ்கேன் போதும் என்று கிள்ளானிலிருந்து ஷார்மைன் என்ற பெண்ணை வரவழைத்தோம். கர்ப்பிணிகளுக்குப் பார்ப்பது போலத்தான். கிராம்பு எண்ணெய் கலந்த தண்ணீரில் மீனை மயங்க வைத்து, தண்ணீருக்குள்ளேயே வயிற்றோரம் கருவியைப் பிடித்தாள்.

“முட்டையே இல்ல அங்கிள். பொண்ணு மாதிரியே தெரியல. கொஞ்சம் இருங்க, இன்னொரு தடவ பாக்குறேன்,” என்றாள்.

விமலன் எங்கே இருக்கப்போகிறார்?

“போன வருஷம் முட்ட போட்டுச்சு லா. அப்ப இது அந்த மீன் இல்ல. யாரோ மாத்திட்டாங்க.”

கொட்டகைச் சாவி ஒன்று எங்களிடம், இன்னொன்று பண்ணையில் எங்களோடு வேலை செய்யும் குருவிடம். போன வாரம் கிள்ளானில் ஒரு சீஃபூட் கடைக்காரனோடு குரு தே தாரிக் குடித்ததை இவர் பார்த்திருக்கிறார். போதாதா?

“உதடு கிழிஞ்சிருக்கே,” என்றேன்.

“கத்தியால ஒரு கோடு போட எவ்ளோ நேரம்?”

குரு வலையைப் பிடித்தபடி அங்கேயே நின்றான். இவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் நானும் அவன் முகத்தைப் பார்த்தேன். ஏன் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான்? அந்தக் கடைக்காரனோடு அப்படி என்ன பேச்சு? கூடப்பிறந்தவன்தான், இருந்தாலும் பார்த்தேன்.

“சாவிய வச்சிட்டுப் போ. நாளையிலேருந்து வர வேணாம்,” என்றார் விமலன்.

குரு சாவியைத் தொட்டி விளிம்பில் வைத்தான்.

ஷார்மைன் மீனின் வயிற்றை மெதுவாக நீவினாள். தேங்காய்ப்பால் போல வெள்ளையாக ஏதோ கசிந்தது.

“அங்கிள், இது இப்ப ஆம்பள. உங்க ஆண் மீன் எங்க?”

“தைப்பூசத்துக்கு முன்னாடியே செத்துப்போச்சு. ஏன்?”

“அதான். கெராப்பு பொண்ணாத்தான் ஆரம்பிக்கும். ஆண் இல்லன்னா, இருக்கிறதுல பெரிய பொண்ணு ஆணா மாறிடலாம். அதே மீன்தான் இது. உதட்டப் பாருங்க, பழைய தழும்பு.”

இவர் பல காலம் சியாக்காப் என்ற கொடுவா மீன் வளர்த்தவர். அது ஆணாக இருந்து பெரிதானதும் பெண்ணாகும், அதற்குப் பிறகு மாறாது. கெராப்பும் அப்படித்தான் என்று இருந்துவிட்டார்.

விமலன் சாவியை எடுத்து நீட்டினார். “பிடி லா. தெரியாம பேசிட்டேன்.”

குரு வாங்கவில்லை. கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினான்.

“மச்சானுக்கு சந்தேகம் புதுசா? அத விடு. நீ ஏன்க்கா என் மூஞ்சப் பாத்த?”

அவன் மோட்டர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனான். நான் கூப்பிடவில்லை.