பெர்கமோவிலிருந்து யாஷ் வரை

விமானம் இத்தாலியின் பெர்கமோவில் கிளம்பி, மலைகளைத் தாண்டியதுதான் தெரியும். சஃப்தா கண்ணயர்வதற்குள் சொந்த நாட்டின் யாஷ் நகரம் வந்துவிட்டது. மகன் துதோரின் கல்யாணத்துக்காக ஊருக்கு வருகிறாள்.

அவனுக்கு ஆறு வயதானபோது புருஷன் செத்துப்போனான். பிள்ளையை அக்கா அக்லாயாவிடம் விட்டுவிட்டு இத்தாலிக்குப் போனவள் சஃப்தா. எர்சிலியா என்ற கிழவியைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டுக் கூடவே இருக்கும் வேலை. முதலில் தங்குவதற்கான அனுமதி இல்லை. நாட்டை விட்டு வெளியே வந்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். அனுமதி கிடைத்தபோது கிழவி படுத்த படுக்கையானாள். ஒரு வாரம் நகர்ந்தால் அந்த இடத்துக்கு வேறொருத்தி வந்துவிடுவாள் என்ற பயம். எப்போதாவது வந்தாலும் விருந்தாளி மாதிரி வந்து போனாள்.

"எப்பம்மா வருவே?" என்று போனில் பிள்ளை அழும்போதெல்லாம், "இத்தாலி ரொம்பத் தூரம்டா கண்ணு, நெனச்சா வந்துட முடியுமா?" என்பாள்.

கல்யாணத்தன்று காலை முற்றத்தில் வயலின் வாசித்தார்கள். தேவாலயத்துக்குப் புறப்படும்முன் மணமக்கள் பெற்றவர்கள் முன்னால் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். பெண்ணைப் பெற்றவர்கள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள்.

"மாப்பிள்ளையோட அம்மா வந்து உக்காருங்க!" என்று சடங்கு நடத்துபவர் கூவினார்.

சஃப்தா பாவாடையை நீவிவிட்டுக்கொண்டு முன்னால் வந்தாள். அதற்குள் துதோர் பெரியம்மாவின் கையைப் பிடித்து நாற்காலிக்கு அழைத்துப் போயிருந்தான்.

அக்லாயா பதறிப்போனாள். "டேய், என்னடா பண்றே? உன்னப் பெத்தவ நிக்குறாடா! சஃப்தா, நீ வாடி."

வயலின் நின்றுவிட்டது. எல்லோரும் சஃப்தாவைப் பார்த்தார்கள்.

"நீயே உக்காரு அக்கா," என்றாள் அவள். "அவன் காய்ச்சல்ல கெடந்தப்ப முழிச்சிருந்தது நீதானே."

மகன் மண்டியிட்டு அக்லாயாவின் கையை முத்தமிட்டதைச் சமையற்காரப் பெண்களுக்கு நடுவில் நின்று பார்த்தாள்.

சாயங்காலம் விருந்துக் கூடாரத்துக்குப் பின்னால் அவனைத் தனியாகப் பிடித்தாள். "எம்மேல அவ்வளவு கோவமாடா?"

"கோவமெல்லாம் தீந்துபோச்சும்மா." அவன் குரல் தணிந்தே இருந்தது. "நீ தூரம்னு சொன்னத நான் நம்பினேன். கப்பல்ல, ரயில்ல, மாசக்கணக்கா வரணும்போலன்னு நெனச்சுக்கிட்டேன். பத்து வயசுல பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர்ல தேடிப் பாத்தேன். பெர்கமோவுலேருந்து யாஷுக்கு ரெண்டு மணி நேரம் சொச்சம்னு போட்டிருந்துச்சு. பெரியம்மா என்னைப் பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போற பஸ்ஸே அதவிட அதிக நேரம் ஓடும். அன்னிக்கே உன்ன எதிர்பாக்கறத விட்டுட்டேன்."

அனுமதி, கிழவி, வேலை என்று சொல்ல அவளிடம் ஆயிரம் இருந்தது.

"உள்ள வா, சாப்பிடு," என்று தோளைத் தொட்டுவிட்டுப் போனான். அந்தத் தொடுகை வந்த விருந்தாளிக்குக் காட்டும் மரியாதையாக இருந்தது.

மறுநாள் திரும்பும் விமானத்தில், மேலெழும்பியதுமே சஃப்தா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பக்கத்து இருக்கைப் பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"விமானம்னா பயமா? கொஞ்ச நேரந்தான், இப்ப எறங்கிடுவோம்."

"ஆமா, பயந்தான்," என்றாள் சஃப்தா.